தலைக்கு மேலே இருந்த தண்டவாளம்

1

கடந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் கேக் வெட்டினோம். யாருக்கும் பிறந்தநாள் இல்லை, கல்யாண நாளும் இல்லை. என் கணவர் யூட் வேலை முடிந்து வரும் வழியில் வியா மக்வேதா தெருவில் ஓர் இனிப்புக் கடைக்குள் நுழைந்து, பழங்கள் பதித்த கசாத்தா கேக் ஒன்றை வாங்கி வந்திருந்தார். மேலே 'ராணிக்கு ஒரு வயது' என்று இத்தாலிய மொழியில் எழுதியிருந்தது. கடைக்காரப் பெண் குழந்தையின் சுகத்தை விசாரித்தாளாம். குழந்தைக்கு நாற்பத்தொரு வயது, தினமும் காலையில் ரயிலேறி வேலைக்குப் போகிறது என்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நான் சுரங்க ரயிலில் ஏறத் தொடங்கி ஒரு வருடம் ஆகிவிட்டது. அதற்குத்தான் இந்தக் கொண்டாட்டம்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். ரயிலில் ஏறுவதும் ஒரு சாதனையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்குக் கவலையில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரத்தின் நடுவிலுள்ள சென்ட்ராலே நிலையத்தில் புறப்படும் இந்த ரயில், கொஞ்சத் தூரத்தில் நிலத்துக்கு அடியில் புகுந்துவிடும். நகரத்தைக் கீழாலேயே கடந்து, மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்து, மாடிக் குடியிருப்புகளையும் எலுமிச்சை மரங்களையும் தாண்டிக் கடற்கரைப் புறநகர்களுக்குப் போகும். கடைசியில் விமான நிலையம். இங்குள்ளவர்கள் இதைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பிந்தி வருகிறது என்பார்கள், சனநெரிசல் என்பார்கள். என் முன்னால் யாராவது அப்படிச் சொன்னால் இப்போது எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருகிறது. அது என்னுடைய ரயில்.

2

நான் ரயிலைக் காண்பதற்கு முன்னமே தண்டவாளத்தைக் கண்டவள். அதுவும் தலைக்கு மேலே.

யாழ்ப்பாணப் பக்கம், கொடிகாமத்துக்கும் பளைக்கும் இடையில்தான் எங்கள் வீடு. கூப்பிடு தூரத்தில் ரயில் பாதை. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளில் ரயில் இல்லை. சண்டையில் சேவை நின்றுபோனது. கொஞ்ச நாளில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் ஒவ்வொன்றாக எழும்பிப் போய் வீட்டு வளவுகளுக்குள் பங்கர்களுக்கு, அதாவது பதுங்குகுழிகளுக்கு, கூரையாகிவிட்டன. எங்கள் வீட்டுப் பங்கருக்கு அப்பாவும் அயலட்டை ஆண்களும் ஒரு தண்டவாளத் துண்டைத் தோளில் காவிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. மேலே அதை வைத்து, கட்டைகளை அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடினார்கள். குண்டு போடும் பொம்பர் வரும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் உள்ளே இறங்குவோம். ஓட நேரமில்லாவிட்டால் நின்ற இடத்தில் விழுந்து படுப்போம். எழுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்தே படிப்பித்தார்கள்.

பங்கருக்குள் மல்லாந்து கிடந்தால் கண்ணுக்கு நேரே அந்தத் தண்டவாளம் தெரியும். துரு உதிர்ந்து கண்ணில் விழும். இதற்கு மேலால் ரயில் ஓடியிருக்கிறது என்று அண்ணன் சொல்வான். நான் நம்பமாட்டேன். இவ்வளவு ஒடுங்கிய இரும்பில் எப்படி ஒரு வீடு மாதிரிச் சாமான் ஓடும் என்று சண்டை பிடிப்பேன். ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் 'நான் செய்த ரயில் பிரயாணம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். வகுப்பில் ஒருவரும் ரயிலைக் கண்டதில்லை. நான் நான்கு பக்கம் எழுதினேன். ரயிலுக்கு இரண்டு பக்கமும் சிறகு வைத்ததைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று ரீச்சர் சொன்னா.

அதனால்தான், பலெர்மோவுக்கு வந்த புதிதில் யூட் என்னைச் சுரங்க நிலையத்துக்குக் கூட்டிப்போனபோது, படிக்கட்டில் பாதியிலேயே எனக்குக் கால் ஓடவில்லை. கீழே இருந்து வந்த குளிர்காற்றில் இரும்பும் ஈர மண்ணும் மணத்தன. திரும்பி மேலே ஏறி வந்துவிட்டேன். அதன் பிறகு இருபது வருடம் பேருந்துதான்.

3

நாங்கள் இருப்பது பிரான்காச்சோவில், அரசாங்க மாடிக் குடியிருப்பில். அங்கிருந்து சென்ட்ராலே வரைக்கும் ஒரு பேருந்து, பிறகு இன்னொரு பேருந்து, அதிலிருந்து இறங்கி நடந்தால் போர்கோ வெக்கியோ. அங்குள்ள சின்னச் சந்தைக்குப் பின்னால்தான், நான் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், வீடு முதலில் இருந்தது. எண்பது தாண்டிய மனிசி. தனியே இருப்பவ, பிடிவாதக்காரி. என் பெயருக்கு அர்த்தம் கேட்டு அறிந்த நாளிலிருந்து என்னை 'ரெஜீனா' என்றுதான் கூப்பிடுவா. அரசியைக் கொண்டு குளியலறை கழுவுவிக்கிற வீடு உலகத்தில் இது ஒன்றுதான் என்று நான் பகிடி பண்ணுவேன். அவவும் சிரிப்பா.

சுரங்கத்தில் போகமாட்டேன் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யூட் விடாமல் நக்கல் அடிப்பார்.

"இஞ்சேரும், கடலாலை களவாய் வந்த ஆக்கள் எல்லாம் அதிலை போகினம். பிளேனிலை வந்த உமக்கு என்ன?"

"பிளேன் மேலாலை போகுது. உங்கடை ரயில் கீழாலை எல்லோ போகுது" என்பேன் நான்.

மகள் ரொசாலி அதே ரயிலில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். இந்த ஊர்ப் புனிதையின் பெயரைத்தான் வைத்தோம். அவளும் இந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டாள். இத்தாலியனிலும் வாய் நிறையச் சிசிலி வாடை. தமிழ் வகுப்பைப் பன்னிரண்டு வயதில் விட்டாள். வீட்டில் அவள் வாயில் மிஞ்சியிருந்த தமிழ் சாப்பாட்டோடு நின்றது. வெளியில் நான் சத்தமாகத் தமிழில் கதைத்தால் நான்கு அடி தள்ளி நடப்பாள். என் குரல் கொஞ்சம் பெரிசுதான். ஐந்தாம் மாடியிலிருந்து கூப்பிட்டால் பேருந்துத் தரிப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன வருடம் சிஞ்ஞோரா விழுந்து இடுப்பெலும்பு வெடித்தது. லிப்ட் இல்லாத வீட்டில் இனி இருக்க முடியாது. மகன் தன் வீட்டுக்கு, தொம்மாசோ நத்தாலேக்குக் கொண்டுபோனார். அது நகரத்தின் மறு அந்தம், மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற புறநகர். மகன் மரியாதையான மனிதர். என்னை இருத்தி வைத்துத்தான் சொன்னார்.

"ராணி, அம்மாவுக்குக் காலை எட்டு மணிக்கு ஊசி போடவேண்டும். அதற்குள் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். திங்கட்கிழமை எட்டு மணிக்கு முதல் நீங்கள் வந்தால் வேலை உங்களுக்கு. இல்லாவிட்டால் பக்கத்தில் யாரையாவது பார்க்கவேண்டியதுதான். என்னைத் தப்பாக நினைக்கவேண்டாம்."

பேருந்தில் போய்ப் பார்த்தேன். மூன்று பேருந்து. ஒருநாள் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் வழியிலேயே நின்றேன். ரயிலில் போனால் அரை மணித்தியாலம் சொச்சம்.

அந்த நேரம் பார்த்து என் பெர்மெஸோவும் புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது. இங்கே தங்கியிருக்கும் அனுமதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். குவெஸ்தூராவில், அதாவது அதற்குரிய பொலிஸ் அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். வேலை ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா? இருக்கிறது என்றேன். திங்கட்கிழமைக்குப் பிறகும் இருக்குமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. யூட்டின் வேலை கோடையில் இருக்கும், குளிரில் இராது. என் ஒப்பந்தத்தில்தான் மூன்று பேரின் இருப்பும் நின்றது.

அதைவிட இன்னொன்று. சிஞ்ஞோராவின் தலையை வேறொருத்தி சீவிவிடுவதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை.

4

சனிக்கிழமை ஒத்திகை பார்ப்பதென்று முடிவானது. ரொசாலி கூட வர ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு.

"மம்மா, ரயிலுக்குள்ளை சத்தமாய் கதைக்கக்கூடாது. ப்ரொமெஸ்ஸோ?"

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

சென்ட்ராலேயில் ஏறும்போது பயமில்லை. வெயில் இருந்தது, வானம் தெரிந்தது. வெஸ்ப்ரி வரைக்கும் பரவாயில்லை. பிறகு ரயில் மெல்லச் சரிந்து இறங்கியது. சன்னல் கறுத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒர்லேயான்ஸ் வந்தது, போனது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவுதானா என்று ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது.

அடுத்த நிலையத்துக்கு முன்னால் ரயில் நின்றது. விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு. யாரோ அலுத்துக்கொள்ளும் சத்தம். அப்போது பக்கத்துப் பாதையில் எதிர் ரயில் ஒன்று வந்தது. தூரத்தில் இரைச்சலாகத் தொடங்கி, கிட்டக் கிட்ட வந்து, பெட்டியே அதிரும்படி கடந்தது.

"விழுந்து படுங்கோ!"

கத்தியது நான்தான். கத்திய பிறகுதான் எனக்கே தெரியும். மகளின் தோளைப் பிடித்து இழுத்துத் தரையில் கிடத்தி, அவள் தலையை என் இரண்டு கையாலும் பொத்தி, அவளுக்கு மேலே கவிழ்ந்து படுத்துவிட்டேன்.

விளக்கு வந்தது.

முதலில் நான் கண்டது மீன்களை. பெட்டியின் தரை முழுக்கச் சாளை மீன் சிதறிக் கிடந்தது. அந்தக் கோடியில் ஒரு பெரியவர் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, கையில் கவிழ்ந்த மீன் பையோடு. இந்தப் பக்கம் இருக்கைக்குக் கீழே கண்ணாடி போட்ட ஒரு பொடியன், முதுகுப்பையைத் தலையில் கவிழ்த்தபடி கிடந்தான். நடுவில் நின்ற இரண்டு இத்தாலியர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று பாதி குனிந்திருந்தார்கள். மற்ற எல்லாரும் கைத்தொலைபேசியை விட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்தான் முதலில் தலையைத் தூக்கினார்.

"தங்கச்சி யாழ்ப்பாணமோ?"

"ஓம் அண்ணை. நீங்கள்?"

"மன்னார். பெனடிக் எண்டு பேர். நீர் கத்த முன்னமே நான் படுத்திட்டன்." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. "மனிசிதான் பிந்திப்போச்சு. இஞ்சை வந்து பழக்கம் விட்டுப்போச்சு அவவுக்கு."

"மீனைப் பொறுக்குங்கோ முதல்" என்றா மனைவி.

நான் இருக்கைக்குக் கீழே இருந்தவனைப் பார்த்தேன். "தம்பி எந்த ஊர்?"

"விருதுநகர்க்கா. இங்க யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றேன். பேரு கார்த்திக்."

"விருதுநகரோ? அங்கை சண்டை நடக்கேல்லையே. நீர் ஏன் படுத்தனீர்?"

"எனக்கு ஒண்ணுமே புரியலக்கா. தமிழ்ல ஒருத்தங்க அவ்வளவு அதிகாரமா சொன்னாங்க, படுத்துட்டேன்."

ஓர் இத்தாலிய அம்மா எனக்கு மாரடைப்பு என்று நினைத்து ஓடி வந்து கையைப் பிடித்தா. பழக்கதோஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தாலியனில் பழக்கத்துக்கு 'அபித்தூதினே'. பதற்றத்தில் எனக்கு 'அல்தித்தூதினே' என்று வந்தது. அதற்கு உயரம் என்று அர்த்தம். தரையில் கிடந்தபடி, "உயரம், மன்னியுங்கள், உயரம்" என்று நான் சொல்ல, அந்த அம்மா மிகுந்த இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு, நாங்கள் நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறோம், பயப்படவேண்டாம் என்று ஆறுதல் சொன்னா.

எல்லாருமாகச் சேர்ந்து மீன் பொறுக்கினோம். குனிந்து நின்ற இரண்டு இத்தாலியர்களும்தான்.

5

ரொசாலி மீன் பொறுக்கவில்லை. எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு, சன்னலோரம் போய் நின்றாள். நொத்தர்பார்தோலோ, பிரான்சியா, சான் லொரென்சோ என்று ஒவ்வொரு நிலையமாகப் போயின. சரி, முடிந்தது, இனி என்னோடு இந்தப் பிள்ளை தெருவில் நடக்காது என்று நினைத்துக்கொண்டேன். வேலையும் போனது, பிள்ளையும் போனது, ஒரே ரயிலில்.

தொம்மாசோ நத்தாலேயில் இறங்கினோம். மேடையில் ஒரு வாங்கு இருந்தது. அதில் போய் இருந்தாள். நானும் இருந்தேன்.

"மம்மா, ஏன் எனக்கு மேலை படுத்தனீங்கள்?"

"பழக்கம் பிள்ளை. நினைச்சுச் செய்யேல்லை."

பிறகு கேட்டாள்.

"அங்கை... உங்களுக்கு மேலை ஆர் படுத்தது?"

என்னை அதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லை. புலனாய்வுக்காரர் கேட்டதில்லை, அகதி விசாரணையில் கேட்டதில்லை, கட்டிய மனிசனும் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா. அண்ணன், நான், தம்பி மூண்டு பேருக்கும் மேலை அம்மா. அப்பா வாசலடியிலை இருப்பார்."

"அம்மாவுக்கு மேலை?"

"அம்மாவுக்கு மேலை தண்டவாளம்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். கட்டைகளை, மண்மூட்டையை, துரு உதிர்வதை, சிறகு வைத்த ரயில் கட்டுரையை, எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு ரயில் வந்து போனது. அவள் நடுவில் நடுவில் கேள்வி கேட்டாள். சொல் தெரியாத இடத்தில் கையால் காட்டினாள், தடுமாறினாள், ஆனால் இத்தாலியனுக்குத் தாவவில்லை. சத்தமாகக் கதைக்கிறேன் என்று என்னை அடக்கவும் இல்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் அதெல்லாம் எனக்கு உறைத்தது.

கடைசியில் அவள் பாதையைக் கை நீட்டிக் காட்டினாள். வெயிலில் தண்டவாளம் பளபளவென்று கிடந்தது.

"இது ஒளிக்கிற இடம் இல்லை மம்மா. அந்தப் பக்கத்தாலை உள்ளை போய் இந்தப் பக்கத்தாலை வெளியிலை வாற இடம். நாங்கள் வந்திட்டம் பாருங்கோ."

நான் பார்த்தேன். தண்டவாளத்தைத் தலைக்கு மேலே பார்த்தே பழகியவள் நான். இப்போது அது என் காலடிக்குக் கீழே கிடந்தது, நான் மேலே இருந்தேன்.

"திரும்பிப் போக பஸ் இருக்கு" என்றாள் ரொசாலி. "களைச்சுப்போனால் அதிலை போவம்."

"பஸ்ஸை ஆர் கேட்டது?" என்றேன். "அடுத்த ரயில் எத்தினை மணிக்கு எண்டு பார்."

6

திங்கட்கிழமை தனியே போனேன். ரொசாலி வாறன் என்று நின்றாள். பரீட்சை இருக்கிறது, போ பள்ளிக்கூடம் என்று துரத்திவிட்டேன்.

வீரமாகச் சொல்லிவிட்டேனே ஒழிய, சென்ட்ராலேயில் ஏறியதும் கதவோரக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரயில் கீழே இறங்கியது. செபமாலையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். என்ன செய்யலாம் என்று யோசித்து, கோயிலில் புனிதர்களின் பெயர்களைச் சொல்லிப் பிரார்த்தனை செய்வதுபோல நிலையங்களின் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். வெஸ்ப்ரியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஒர்லேயான்ஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். லோல்லியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். வாய்க்குள்தான் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் குரல்தான் தெரியுமே. பின்னால் இருந்து ஓர் ஆண் குரல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சேர்ந்து சொன்னது.

திரும்பிப் பார்த்தால் பெனடிக் அண்ணன். கடலோரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் அவருக்கு வேலை. தினமும் இதே ரயிலாம். நான் இருபது வருடமாகப் பேருந்தில் தனியே தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது, கீழே ஒரு கூட்டமே கதைத்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறது.

சிஞ்ஞோராவின் வீட்டு வாசலுக்குப் போய் மணியை அடித்தேன். மகன் கழுத்துப்பட்டியைக் கட்டியபடி கதவைத் திறந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

"எதில் வந்தீர்கள்?"

"ரயிலில்" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் எந்தத் தொனியில் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சந்திரனிலிருந்து வந்தவள் மாதிரிச் சொன்னேன்.

உள்ளே இருந்து சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. "ரெஜீனாவா? நான்தான் சொன்னேனே, அவள் வருவாள் என்று! சீப்பு எங்கே?" மூன்று நாளாக யாரையும் தலையில் கைவைக்க விடவில்லையாம். ஊசி போட்டு, தலை சீவி, கொண்டை போட்டுவிட்டேன். அந்தக் கிழமையே புதிய விலாசத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு ஒருநாள் குவெஸ்தூராவில் அதே கண்ணாடிக்குப் பின்னால் அதே பெண் என் புதிய பெர்மெஸோவை நீட்டினாள். நன்றி சொல்லிவிட்டு, அவள் கேட்காமலேயே, நான் ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன் என்று தெரிவித்தேன். அவள் நல்லது என்றாள். பாவம், வேறென்ன சொல்வாள்.

கார்த்திக் வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினான். பெயர் 'விழுந்து படுத்தோர் சங்கம்'. இப்போது அதில் பதினைந்து பேருக்கு மேல் இருக்கிறார்கள். சேர்வதற்கு விழுந்து படுத்திருக்கத் தேவையில்லை, ரயிலில் வந்தால் போதும். எந்த ரயில் பிந்துகிறது, யாருடைய வீட்டில் ஆள் தேவை, குவெஸ்தூராவில் எந்தக் கிழமை சனம் குறைவு, எல்லாம் அதில் வரும். தலைவி நான். வேறு யாரை வைப்பது?

7

இனி, அந்தச் செவ்வாய்க்கிழமை கேக் ஏன் அவசரமாக வந்தது என்று சொல்லவேண்டும். யூட் ஞாயிற்றுக்கிழமைதான் வாங்குவதாக இருந்தார். காலையில் நடந்ததை மகள் தொலைபேசியில் சொன்னதால் அன்றைக்கே வாங்கிவிட்டார்.

அன்று ரொசாலிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சிஞ்ஞோராவைப் பார்க்க என்னோடு வந்தாள். பெட்டியில் நல்ல சனம். பெனடிக் அண்ணன், மனைவி, கார்த்திக், சங்கத்தில் இன்னும் சிலர். இருக்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் என்னோடு ஒட்டித்தான் நின்றாள். நான் சிஞ்ஞோராவின் கதை ஒன்றைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒர்லேயான்ஸ் தாண்டியதும் ரயில் நின்றது. விளக்கு அணைந்தது.

எனக்குத் தெரியும், அந்த இருட்டுக்குள் சங்கம் முழுக்க என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தூரத்தில் எதிர் ரயிலின் இரைச்சல் தொடங்கியது. கிட்ட வந்தது. என் முழங்கால் தன்பாட்டில் மடியப் பார்த்தது. மடிந்தும்விட்டது கொஞ்சம்.

ரொசாலியின் கை இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தது.

"அம்மா," என்றாள். மம்மா இல்லை, அம்மா. "படுக்கிறதோ?"

எதிர் ரயில் பெட்டியை உலுக்கிக்கொண்டு கடந்து போனது. அதற்கு மேலால் கேட்கவேண்டுமே என்று என் முழுக் குரலையும் எடுத்துச் சொன்னேன்:

"ஒருத்தரும் படுக்க வேண்டாம்! நிண்டுகொண்டே போவம்!"